சோலார் அப்புறம், முதலில் மீட்டர்

வாசகர் கடிதம்: வணக்கம் சார். நாங்கள் நெகிரி செம்பிலானில் பாகாவ் பக்கம் ஒரு சின்னத் தோட்டப் பட்டணத்தில் இருக்கிறோம். இங்குள்ள தமிழ்ப்பள்ளியில் நான் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர். பள்ளி செம்பனைத் தோட்ட நிலத்தில் இருக்கிறது, பிள்ளைகள் எண்பது பேர் கிட்ட. சுற்றுவட்டாரத்தில் இன்னும் சில தமிழ்ப்பள்ளிகள், மலாய்ப் பள்ளிகள், ஒரு சீனப் பள்ளி உண்டு. மாவட்டத்துப் பள்ளிகள் எல்லாம் சுற்றுச்சூழலைக் காக்கும் பள்ளிகளாக மாற வேண்டும் என்று கல்வி இலாகா கூட்டத்தில் சொன்னார்களாம். தலைமையாசிரியர் அந்த வேலையை எங்களிடம் விட்டுவிட்டார். சோலார் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து, ஒரு காசு போட வேண்டாம், 20 வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து மட்டும் போடுங்கள் என்கிறார். ஆசிரியர்கள் மரக்கன்று நடலாம், பாட்டில் சேர்க்கும் போட்டி வைக்கலாம் என்கிறார்கள். என் வீட்டுக்காரர் தோட்டத்தில் வேலை செய்கிறவர், வேலி ஓரமாகப் புல்லுக்கு மருந்து அடிக்கிறதை முதலில் கேளு, மற்றதெல்லாம் அப்புறம் என்கிறார். எதில் தொடங்குவது?

பதில்:

வணக்கம் சகோதரி.

சோலார்காரரிடம் கையெழுத்து போட்டுவிடாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இது ஒன்றுதான் அவசரம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்களிடம் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் வேறொருவர் கையில் இருக்கிற காரியம். கூரை நிற்பது தோட்டக் கம்பெனியின் நிலத்தில். கரண்ட்டு பில், தண்ணீர் பில் எல்லாம் பெரும்பாலும் அரசாங்க ஒதுக்கீட்டிலிருந்து போகிறது. சிற்றுண்டிச்சாலை குத்தகை எடுத்தவருடையது. வேலிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் ராஜ்ஜியம். சங்கத்துக்கு என்று இருப்பது எல்லாரும் கூடிச் செய்கிற கோத்தோங் ரோயோங் வேலையும் ஆண்டுக் கூட்டமும்தான், அதனால்தான் எந்தப் பள்ளியில் இந்தப் பேச்சு எடுத்தாலும் மரக்கன்றிலும் பாட்டிலிலும் போய் நிற்கிறது. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், படம் எடுத்து ஃபைலில் வைத்துவிடலாம். நான் கட்டடங்களின் மின்சாரக் கணக்குப் பார்க்கிற தொழிலில் இருப்பவன், எனக்குத் தெரிந்த வழி வேறு. யார் கையில் எது இருக்கிறதோ அவரிடம் போய்க் கேட்க வேண்டும், போகும்போது கையில் எண் இருக்க வேண்டும். எண் இல்லாமல் போனால் "நல்ல யோசனை, பார்க்கலாம்" என்பார்கள், அதோடு சரி.

எண் எடுக்க ஒரு சென் செலவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் கைப்பேசியில் படம் எடுங்கள். திங்கட்கிழமை காலை கேட் திறந்ததும், ஒருவரும் சுவிட்சையோ குழாயையோ தொடுவதற்கு முன்னால், திரும்ப எடுங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ஆளே இல்லாத பள்ளி வார இறுதியில் செலவழித்தது. சிற்றுண்டிச்சாலையில் பாதி காலியாக ஓடுகிற ஃப்ரீசர், வராந்தாவில் தண்ணீர் குளிர்விக்கும் இயந்திரம், யாரும் நிறுத்தாத கணினிகள், பகலெல்லாம் எரிகிற வெளி விளக்கு என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்கலாம். ஃப்ரீசரில் சாமான் இருந்தால் அணைக்க முடியாது, பாதுகாப்புக் கேமரா ஓடத்தான் வேண்டும், அதெல்லாம் சரி. மற்றதற்கு ஒரு டைமர் சுவிட்ச் போதும், அது பெரிய விலையும் இல்லை. நீண்ட விடுமுறை தொடங்குகிற நாளிலும் முடிகிற நாளிலும் இதையே செய்யுங்கள், அங்கேதான் கண் திறக்கும்.

தண்ணீர் மீட்டர் நகர்ந்திருந்தால் இன்னும் சுலபம். ஒன்று கழிவறைத் தொட்டிக்குள் இருக்கிற ரப்பர் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் மண்ணுக்கடியில் பழைய இரும்புக் குழாய் எங்கோ ஓட்டை விழுந்திருக்கும். தொட்டியில் கொஞ்சம் சிவப்பு சிரப் ஊற்றிவிட்டு கால் மணி நேரம் ஃப்ளஷ் இழுக்காமல் இருங்கள், கீழே கிண்ணத்தில் சிவப்பு இறங்கினால் கசிகிறது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் கசிகிற ஒரு தொட்டி நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான லிட்டரை விழுங்கும். ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள், போஸ்டர் வரைவதைவிட ஆர்வமாகச் செய்வார்கள்.

அடுத்து, அலுவலகத்தில் கேட்டு 12 மாத பில்லை வாங்குங்கள். ரிங்கிட்டைப் பார்க்க வேண்டாம், யூனிட்டை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் தெனாகா மின்சார நிறுவனத்தின் கட்டண அமைப்பே மாறிவிட்டது, பில்லில் புதிது புதிதாகக் கட்டண விவரங்கள் வந்துவிட்டன, அதனால் பணத்தை வைத்து போன வருடத்தோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். யூனிட் பொய் சொல்லாது. தீபகற்பத்தில் ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தியாகும்போது ஏறக்குறைய முக்கால் கிலோ கரியமில வாயு காற்றில் சேருகிறது, நிலக்கரியும் இயற்கை வாயுவும்தான் நமக்குப் பெரும்பகுதி மின்சாரத்தைத் தருகின்றன. இந்த முக்கால் கிலோ கணக்கை வைத்துக்கொண்டால் எந்த வேலை எவ்வளவு பெரிது என்று நீங்களே எடை போடலாம்.

ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய 36 வாட் குழல் விளக்கு ஆறு இருந்தால், சோக் தின்பதையும் சேர்த்து விளக்குக்கு 45 வாட் கிட்ட. 18 வாட் எல்இடிக்கு மாற்றினால் ஆறுக்கும் சேர்த்து 160 வாட் குறையும். நாளுக்கு 6 மணி நேரம், வருடத்துக்குச் சுமார் 190 பள்ளி நாள் என்று வைத்தால் ஒரு வகுப்புக்கு 180 யூனிட் சொச்சம். விளக்கு வாங்கிய காசு ஒன்று ஒன்றரை வருடத்தில் வந்துவிடும். பழைய சோக்கைக் கழற்றி இணைப்பை மாற்ற உரிமம் உள்ள வயர்மேன் வேண்டும், ஆசிரியரை ஏணியில் ஏற்ற வேண்டாம்.

ஆனால் விளக்கைவிடப் பெரிய தீனிக்காரன் ஏர்கோன். ஒன்றரைக் குதிரைசக்தி பழைய ஏர்கோன் முழுசாக ஓடினால் மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல். அலுவலகம், ஆசிரியர் அறை, கணினி அறை என்று மூன்று ஏர்கோன் நாள் முழுக்க ஓடினால் எட்டு வகுப்பறையின் பழைய விளக்குகள் எல்லாம் சேர்ந்து தின்பதைத் தாண்டிவிடும். 2011-லேயே அரசாங்க அலுவலகங்களில் 24 டிகிரிக்குக் கீழே வைக்காதீர்கள் என்று உத்தரவு போட்டார்கள், எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. வடிகட்டியைக் கழுவி, கதவிடுக்கை அடைத்து, 24-ல் வைத்து மேலே ஒரு காத்தாடியை ஓடவிட்டால் குளிர் குறையாது. இதைத் தலைமையாசிரியரிடம் யார் சொல்வது என்பதுதான் பிரச்சினை என்று எனக்கும் தெரியும். நீங்கள் சொல்லாதீர்கள், மீட்டர் படத்தைக் காட்டுங்கள், அவரே கேட்பார்.

பில்லை அரசாங்கம் கட்டுகிறது, மிச்சம் பிடித்தால் பள்ளிக்கு என்ன கிடைக்கும் என்று யாராவது கூட்டத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இப்படியே விட்டால் எந்தப் பள்ளியும் மிச்சம் பிடிக்காது. ஜெர்மனியில் ஹம்பர்க் நகரம் 1994-ல் இதற்கு ஒரு வழி செய்தது, பள்ளி பழக்கத்தை மாற்றி மிச்சப்படுத்திய கட்டணத்தில் பாதியைப் பள்ளிக்கே திருப்பிக் கொடுத்தார்கள், அந்த ஏற்பாட்டுக்கு ஃபிஃப்டி ஃபிஃப்டி என்றே பெயர். பிறகு பல ஊர்களுக்குப் பரவியது. நம் மாவட்ட இலாகாவால் பணமாகத் தர முடியாமல் இருக்கலாம், ஆனால் குறைத்துக் காட்டிய பள்ளிக்கு அடுத்த பழுதுபார்ப்பில் முன்னுரிமை கொடுங்கள் என்று கேட்பதில் தப்பில்லை. கேட்டு வையுங்கள்.

மாவட்டம் முழுக்க என்று பேச்சு வந்திருப்பதே உங்களுக்கு நல்லது என்பேன். எண்பது பிள்ளைகள் படிக்கிற பள்ளி தனியாகப் போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பழைய குழல் விளக்கில் பாதரசம் இருக்கிறது, நம் சட்டப்படி அது அட்டவணைக் கழிவு, அதாவது ஆபத்தான கழிவுப் பட்டியலில் உள்ளது, சும்மா குப்பையில் போடக்கூடாது. நாற்பது விளக்குக்காக உரிமம் பெற்ற கழிவுக்காரர் பாகாவுக்கு லோரி அனுப்ப மாட்டார், பத்துப் பள்ளி சேர்ந்து ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் அனுப்புவார். விளக்கு வாங்கும்போதும் அப்படித்தான், வயர்மேன் கூலியும் அப்படித்தான். இங்கே தமிழ்ப்பள்ளி, மலாய்ப்பள்ளி, சீனப்பள்ளி என்று பார்க்காதீர்கள். பக்கத்து மலாய்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் இதே தலைவலிதான் இருக்கும், ஒரு டீயோடு பேசிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. பள்ளிகளை ஒப்பிடும்போது பிள்ளை ஒன்றுக்கு எத்தனை யூனிட் என்று கணக்குப் போடுவார்கள், அதில் சின்னப் பள்ளிகள் அடிவாங்கும். 80 பிள்ளை இருந்தாலும் 800 பிள்ளை இருந்தாலும் அலுவலகம் ஒன்றுதான், ஃப்ரீசர் ஒன்றுதான். 150 பேருக்குக் குறைந்த பள்ளிகளைத் தனியாக வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தோட்டப் பள்ளிகள்தான் கரண்ட்டை வீணாக்குகின்றன என்று ஒரு அறிக்கை வந்து நிற்கும்.

இனி சோலார். சூரியத் தகடு கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன், நல்ல தொழில்நுட்பம், நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக மூன்றரை யூனிட் கிட்ட தரும். சிக்கல் பள்ளியின் நாள்காட்டியில் இருக்கிறது. சனி ஞாயிறு, தவணை விடுமுறை, பொது விடுமுறை எல்லாம் கழித்தால் வருடத்தில் ஏறக்குறைய பாதி நாள் பள்ளி மூடியிருக்கிறது, திறந்திருக்கிற நாளிலும் மதியத்துக்கு மேல் ஆள் குறைவு. தகடு தருகிற மின்சாரத்தில் பெரும்பங்கு வெளியேதான் போகும், அப்படிப் போவதற்கு என்ன விலை கிடைக்கும் என்பதை வைத்துத்தான் லாபமா நட்டமா என்று சொல்ல முடியும். மிச்ச மின்சாரத்தைக் கணக்கில் கழித்துக்கொள்கிற பழைய நெம் (NEM) 3.0 திட்டம் 2025 ஜூன் கடைசியோடு முடிந்துவிட்டது, 2026-லிருந்து சோலார் அத்தாப் (Solar ATAP) என்று வேறு திட்டம், வேறு கணக்கு. உங்களிடம் வந்தவர் காட்டிய தாளில் நெம் என்று எழுதியிருந்தால் அந்தத் தாளை மடித்து அவரிடமே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றாலும் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: மிச்ச மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு எத்தனை சென், இந்த மாத மிச்சம் அடுத்த மாதத்துக்குத் தாண்டுமா, கூரை ஒழுகினால் யார் பொறுப்பு.

அதைவிட முக்கியமானது அந்த 20 வருடம். தோட்டத்தில் இருந்த எத்தனை தமிழ்ப்பள்ளிகள் பிள்ளைகள் குறைந்ததாலும் நிலம் கைமாறியதாலும் பட்டணத்துக்கும் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிக்கும் இடம் மாறிப் போயிருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். உங்கள் பள்ளி 20 வருடம் அதே கூரையின் கீழ் இருக்கும் என்று இன்றைக்கு யாராவது உறுதி தர முடியுமா? நடுவில் மாறினால் ஒப்பந்தத்தை முறிக்க என்ன தண்டம் என்று அந்தத் தாளில் எங்கோ சின்ன எழுத்தில் இருக்கும். நிலம் தோட்டக் கம்பெனியுடையது, கட்டடத்துக்குப் பள்ளி மேலாளர் வாரியம் பொறுப்பு, மின்சாரக் கணக்கு வேறு பெயரில் இருக்கும், இத்தனை பேரின் சம்மதம் இல்லாமல் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர் போடுகிற கையெழுத்து சங்கத்தைத்தான் மாட்டிவிடும். கடைசியாக, கூரை. பழைய பள்ளிக் கட்டடங்களில் கல்நார் கலந்த சிமெண்ட் ஓடு இன்னும் இருக்கிறது, அதில் துளை போடவோ அதிக அழுத்தத் தண்ணீரால் கழுவவோ கூடாது, நுண்ணிழை பறந்தால் நுரையீரலுக்கு ஆபத்து. எந்த ஓடு என்று தெரியாதவரை யாரையும் கூரையில் ஏற்றாதீர்கள்.

வந்தவர் சட்டம் வந்துவிட்டது, எல்லாரும் கட்டாயம் செய்தாக வேண்டும் என்று பயமுறுத்தியிருந்தால், அவர் சொல்வது எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டமாக இருக்கும், 2025 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ளது. பெரிய பயனீட்டாளர் என்று அந்தச் சட்டம் சொல்வது வருடத்துக்கு 21,600 கிகாஜூல், மின்சாரமாகச் சொன்னால் 60 லட்சம் யூனிட். உங்கள் பள்ளி அந்தப் பக்கமே போகாது. தூங்குங்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் சொன்னது. வந்த யோசனைகளில் இதுதான் எனக்கு மிகச் சரியாகப் பட்டது, ஏனென்றால் மற்றதெல்லாம் எந்தப் பள்ளிக்கும் பொருந்தும், இது தோட்டப் பள்ளிக்கு மட்டும் உள்ள விஷயம். பாராகுவாட் என்கிற கொடிய களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை, அந்தக் கவலை இருக்கக்கூடாது. ஆனால் புல்லுக்கு அடிக்கிற மற்ற மருந்துகளும் பிள்ளைகள் சுவாசிக்கிற சாமான் இல்லை. மருந்து அடிக்கிறதை அடியோடு நிறுத்துங்கள் என்று போய் நின்றால் மேனேஜர் மறுநிமிடம் முடியாது என்பார். அதனால் கேட்க வேண்டியதைச் சின்னதாக்குங்கள். வேலியை ஒட்டிய முதல் நாலைந்து மர வரிசையில் (நிரையில்) மருந்துக்குப் பதிலாகப் புல் வெட்டச் சொல்லுங்கள். அதற்கு அடுத்த நிரைகளுக்குச் சனிக்கிழமையோ பள்ளி விடுமுறையிலோ அடிக்கட்டும், காற்று பள்ளிப் பக்கம் வீசுகிற நேரத்தில் வேண்டாம், ஒரு நாள் முன்னால் வாட்சாப்பில் தலைமையாசிரியருக்குத் தகவல் வரட்டும். இவ்வளவுதான். மண்டோர்கள், அதாவது கங்காணிகள், வேலையைப் பிரித்துவிடுகிற நேரத்தில் முடிந்துவிடுகிற ஏற்பாடு.

கேட்க உங்களுக்கு ஒரு பிடியும் இருக்கிறது. செம்பனைத் தோட்டங்களுக்கு எம்எஸ்பிஓ (MSPO) என்கிற மலேசிய நிலைத்தன்மைச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயம், சில கம்பெனிகள் ஆர்எஸ்பிஓ (RSPO) என்கிற அனைத்துலகச் சான்றிதழும் வைத்திருக்கின்றன. இரண்டிலும் சுற்றியுள்ள மக்களிடம் கருத்துக் கேட்பதும், புகாரைப் பதிவு செய்து பதில் சொல்வதும் உண்டு, தணிக்கைக்கு வருகிறவர் அந்தப் பதிவேட்டைப் பார்ப்பார். பக்கத்தில் இருக்கிற பள்ளி அந்த மக்களில் அடக்கம். எனவே சண்டை வேண்டாம், பள்ளியின் பெயரில், தேதி போட்டு, மரியாதையாக ஒரு கடிதம் கொடுத்து நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரர் அங்கே வேலை செய்கிறவர் என்பதால் கடிதத்தில் நீங்கள் கையெழுத்து போடாதீர்கள், மேலாளர் வாரியத் தலைவரோ தலைமையாசிரியரோ போடட்டும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே மூச்சில் பள்ளித் தோட்டத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். மருந்து வந்த பிளாஸ்டிக் டின்னைப் பாதியாக வெட்டிப் பூச்சட்டி ஆக்கியிருப்பார்கள், தண்ணீர் பிடிக்க வைத்திருப்பார்கள், எதையும் வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அதை உடனே அப்புறப்படுத்துங்கள், எத்தனை முறை கழுவினாலும் பிள்ளைகள் கை வைக்கிற இடத்துக்கு ஆகாது. தோட்டத்திலிருந்து வாங்குவதென்றால் பழம் உதிர்த்த வெற்றுக் குலையை வாங்குங்கள், செடியைச் சுற்றி ஒரே அடுக்காகப் பரப்பினால் ஈரம் நிற்கும், மக்கி உரமாகும். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும், அப்புறம் மேனேஜர் உங்கள் மேல் புகார் கொடுப்பார். எலிக்கு ஆந்தைக் கூண்டு வைப்பதையும், பைப்புழுவைக் கட்டுப்படுத்த ஓரத்தில் பூச்செடி வளர்ப்பதையும் அந்தத் தோட்டத்திலேயே பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், அறிவியல் பாடத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, மேனேஜருக்கும் படம் எடுத்துப் போட ஒரு நல்ல காரியம் கிடைத்த மாதிரி இருக்கும்.

சிற்றுண்டிச்சாலைக்கு வருவோம். போலிஸ்திரின் பெட்டி, தண்ணீர் கட்டித் தருகிற பிளாஸ்டிக் பை, உறிஞ்சுகுழல், இவற்றை அரசாங்கமே 2018-லிருந்து 2030-க்குள் ஒழிப்பதாகத் திட்டம் போட்டிருக்கிறது. ஆனால் நாளைக்கே நிறுத்து என்று குத்தகை எடுத்த அக்காவிடம் சொல்லாதீர்கள். பிள்ளைகளிடம் ஒரு வெள்ளி இரண்டு வெள்ளிக்கு விற்று, வாடகையும் கட்டுகிறவர் அவர், தட்டு கழுவ ஆளும் தண்ணீரும் அவர் செலவு. எவர்சில்வர் தட்டும் குவளையும் சங்கம் வாங்கித் தரட்டும், பிள்ளைகள் தங்கள் தட்டைத் தாங்களே கழுவுகிற மாதிரி ஒரு நீளத் தொட்டி கட்டித் தாருங்கள், குத்தகை புதுப்பிக்கிற நேரத்தில் பிளாஸ்டிக் கூடாது என்று நிபந்தனையில் சேர்க்கச் சொல்லுங்கள். பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் டின்னில் சேர்த்தால் வாங்கிப் போக ஆள் இருக்கிறார்கள், அந்தக் காசு அக்காவுக்கே போகட்டும்.

மிச்ச உணவை ஒரு வாரம் எடை போடுங்கள், முக்கியமாக ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் தருகிற ஆர்எம்டி (RMT) இலவச உணவை. வராத பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சமைத்துவிட்டு, காலையில் வருகை எண்ணிக்கை சமையல்காரருக்குப் போகாததால் வீணாவது நிறைய. எட்டு மணிக்குள் ஒரு வாட்சாப் செய்தி போட்டால் தீர்கிற விஷயம் அது. காய்கறியை ஒதுக்குகிறார்களா, சோறு அதிகமா என்பதும் எடை போட்டால்தான் தெரியும். அப்படியும் மிஞ்சுவதற்கு தக்காகுரா முறையில் கூடை உரம் போடலாம், ஜப்பானியர் ஒருவர் இந்தோனேசியாவின் சுராபாயாவில் உருவாக்கிய முறை, நம் நாட்டில் நிறைய பள்ளிகளில் செய்கிறார்கள், சரியாகச் செய்தால் நாற்றம் வராது. விடுமுறையில் அதைக் கிளறப்போவது யார் என்று ஒரு பெயரை எழுதி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

காய்ந்த இலையைப் பள்ளிக்குப் பின்னால் கொளுத்துவதை நிறுத்தச் சொல்லுங்கள். திறந்தவெளி எரிப்பு 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம், காவலாளிக்கு அது தெரியாமல் இருக்கலாம். குப்பையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி, உங்கள் பள்ளிக் குப்பை எங்கே போகிறது? நெகிரி செம்பிலானில் 2015 செப்டம்பர் முதல் பிரித்துப் போடுவது கட்டாயம், ஆனால் தோட்ட நிலத்துக்குள் லோரி வராமல் தோட்டத்து டிராக்டர் அள்ளிக்கொண்டு போய் எங்காவது குழியில் கொட்டினால் பிள்ளைகள் மூன்று நிறத் தொட்டியில் பிரித்துப் போட்டு என்ன பயன்? அதைத் தெரிந்துகொண்ட பிறகு பாட்டில் போட்டி வையுங்கள். அந்தப் போட்டியில் ஜெயிக்க வேண்டும் என்று வீட்டில் பாட்டில் பானம் அதிகமாக வாங்குகிற குடும்பங்களும் உண்டு, நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

மரக்கன்று நடுவதை நான் எதிர்க்கவில்லை, இடத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன். பாகாவ், கோலப் பிலா, ஜெலுபு பக்கம் தீபகற்பத்திலேயே மழை குறைந்த பகுதி, வெயிலும் சுள்ளென்று இருக்கும். வெயில் மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியைத் தொட்டாலே வானிலை இலாகா எச்சரிக்கை நிலை அறிவிக்கிறது, திடலில் பிள்ளைகளை விட முடியாது. 2016 ஏப்ரலில் பெர்லிசிலும் கெடாவிலும் சூட்டுக்குப் பள்ளிகளையே மூடினார்கள். தகரக் கூரையின் கீழ் உட்காருகிற பிள்ளைக்கு ஏர்கோன் கிடைக்கப் போவதில்லை, ஆக நிழல்தான் வழி. எந்த வகுப்பறைச் சுவரில் பிற்பகல் வெயில் விழுகிறதோ அந்த மேற்குப் பக்கம் நடுங்கள், வேரும் கிளையும் கூரைக்கும் சாக்கடைக்கும் வராத தூரத்தில். பத்துக் கன்று நட்டு எட்டைக் காயவிடுவதற்குப் பதில் இரண்டு நட்டு வளர்த்தால் போதும். சமையலுக்கு ஆகிற முருங்கையும் கறிவேப்பிலையும் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால். கூரை தகரமாக இருந்தால் வெப்பத்தைத் திருப்புகிற வெள்ளைப் பூச்சு அடிக்க மேலாளர் வாரியத்தைக் கேட்கலாம், வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

மழை குறைவு என்றாலும் மழைநீர்த் தொட்டி உதவும். 100 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் கணக்குக்கு 2,000 லிட்டர், அதில் வழிந்தது போக பெரும்பகுதி கையில் நிற்கும், கழிவறைக்கும் செடிக்கும் அது போதும், குடிக்க வேண்டாம். மூடியும் கொசு வலையும் இல்லாத தொட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். ஏடிஸ் லார்வா கண்டுபிடிக்கப்பட்டால் பள்ளி என்றும் பார்க்காமல் அபராதம் போடுவார்கள், டெங்கி வந்தால் அபராதம்தான் சின்ன கவலை.

போக்குவரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. பிள்ளைகள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டி வருகிற பள்ளியாக இருந்தால் பெற்றோர் தனித்தனியாகக் காரிலும் மோட்டாரிலும் வந்து போகிற புகை பள்ளியின் மொத்தக் கரண்ட்டையும் தாண்டக்கூடும். ஒரு வேன் கூடுதலாக ஓட ஏற்பாடு செய்தால் அது பெரிய காரியம், ஆனால் அது வேன்காரரின் வயிற்றுப் பிழைப்பும் சேர்ந்த பேச்சு, தனியாக எழுதுங்கள்.

விருது, சான்றிதழ் பக்கம் போகலாமா என்று யாராவது கேட்பார்கள். சுற்றுச்சூழல் இலாகாவின் செக்கோலா லெஸ்தாரி விருது 2005-லிருந்து இருக்கிறது, டபிள்யூடபிள்யூஎஃப் மலேசியா நடத்துகிற இக்கோ ஸ்கூல்ஸ் 2011-லிருந்து. இரண்டும் நல்லவை, ஆனால் சின்னப் பள்ளியில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்களும் ஃபைல் தயாரித்தே களைத்துப் போவார்கள். இக்கோ ஸ்கூல்ஸின் முதல் இரண்டு படியை மட்டும் இப்போதைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு குழு அமைப்பது, உள்ளதை உள்ளபடி ஆராய்வது. குழுவில் சிற்றுண்டிச்சாலை அக்காவும், துப்புரவுப் பணியாளரும், காவலாளியும் இருக்கட்டும். எந்த விளக்கு விடிய விடிய எரிகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு முன்னால் இவற்றை அனுப்புங்கள்: இரண்டு வார இறுதிகளின் மீட்டர் படங்கள், 12 மாத யூனிட், ஒவ்வொரு ஏர்கோனின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற லேபிள் படம், தரையில் நின்றபடியே எடுத்த கூரைப் படம். அக்கம்பக்கத்துப் பள்ளி ஒன்றிரண்டின் யூனிட்டும் கிடைத்தால் இன்னும் நல்லது. அவற்றை வைத்து இலாகாவுக்கு மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதித் தருகிறேன், விளக்கு மாற்றுவதையும் பழைய விளக்கைச் சேகரிப்பதையும் எல்லாப் பள்ளிக்கும் சேர்த்து ஒரே வேலையாகச் செய்யச் சொல்லிக் கேட்போம். மேனேஜருக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்துக்கு என்னை எதிர்பார்க்காதீர்கள், அது இந்த வாரமே போகட்டும்.